மாதம் 69 ரூபாய் முதல்*: ஒரு ஹோஸ்டிங் விளம்பரத்துக்கு விளக்கவுரை

மூலம்

புது வலைப்பூ தொடங்குகிறீர்களா? மாதம் ரூ.69 முதல்!*
முதல் ஆண்டு டொமைன் இலவசம்.
50 ஜிபி இடம், அன்லிமிடெட் பேண்ட்விட்த்.
99.9% அப்டைம் உத்தரவாதம்.
அதிவேக சர்வர்கள்.
இலவச எஸ்.எஸ்.எல்., இலவச ஈமெயில்.
ஒரே கிளிக்கில் வேர்ட்பிரஸ்.
தினசரி பேக்கப்.
24/7 சப்போர்ட், 30 நாள் மணிபேக்.
*நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

உரை

மேலே உள்ள பத்து வரியும் எந்த ஒரு நிறுவனத்தின் விளம்பரமும் அன்று. ஹோஸ்டிங் விற்கும் தளங்களில் எங்கும் புழங்கும் வாசகங்களைக் கோத்து நான் அமைத்த மாதிரி. விலைகளும் கணக்குப் போடுவதற்காக இட்டவை. ஆனாலும் அசலான எந்த விளம்பரத்தை எடுத்தாலும் இந்தப் பத்தில் எட்டாவது தேறும். சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்க ஆசைப்பட்டு, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தின் முன் தயங்கி உட்கார்ந்திருப்பவருக்காக இந்த உரை.

உள்ளே போகுமுன் இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொள்வோம். ஹோஸ்டிங் என்பது, இரவு பகலாக இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினியில் உங்கள் கட்டுரைகளும் படங்களும் இருப்பதற்காக வாடகைக்கு எடுக்கும் பங்கு. டொமைன் என்பது வாசகர் தட்டச்சு செய்யும் முகவரிப் பெயர். இரண்டையும் ஒரே கடையில் வாங்க வேண்டும் என்று விதி கிடையாது. விளம்பரம் மட்டும் இரண்டையும் சேர்த்தே பேசும். அது ஏன் என்பது இரண்டாம் வரியில் தெரியும்.

1. "புது வலைப்பூ தொடங்குகிறீர்களா? மாதம் ரூ.69 முதல்!*"

கேள்வியிலேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: தொடங்குகிறவர் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று. அது உண்மையில்லை. 1999-இல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கி 2003-இல் கூகுள் வாங்கிய பிளாக்கர் இன்றும் இலவசமாகவே இருக்கிறது. தமிழ் வலைப்பதிவுகளின் முதல் அலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த பிளாக்ஸ்பாட் முகவரிகளில்தான் எழுதினார்கள். 2004-இல் தமிழ்மணம் திரட்டி வந்தபோது அங்கே வரிசைகட்டி நின்றவை பெரும்பாலும் அவையே. ஒரு நாள் திடீரென ஆயிரக்கணக்கானோர் வந்து படித்தாலும் பிளாக்கர் தளம் படுத்துக்கொள்ளாது. சொந்த டொமைனை அதில் இணைப்பதற்கும் கட்டணமில்லை. கொஞ்சம் நிரல் தெரிந்தவருக்கு கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் நிலைப்பக்கத் தளம் வைக்கவும் செலவில்லை.

பிளாக்கரின் குறை வேறு. தோற்றத்தை ஓரளவுக்குத்தான் மாற்றலாம். கூடவே, இலவச இடத்தின் ஆயுள் அதன் உரிமையாளர் கையில் இருக்கிறது. யாஹூ தன்னிடமிருந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடியபோது பதினைந்தாண்டு காலப் பக்கங்கள் முகவரி இல்லாமல் போயின. கூகுளும் 2013-இல் ரீடரை மூடியது, 2019-இல் கூகுள் பிளஸ்ஸை மூடியது. எனவே இலவச இடத்தில் எழுதுகிறவரும் முதல் நாளே சொந்த டொமைன் ஒன்றை வாங்கி இணைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு இடம் மாறினாலும் வாசகரின் பழைய இணைப்புகள் வேலை செய்ய அது ஒன்றே வழி. தொடர்ந்து எழுதுவோமா என்ற சந்தேகம் உள்ளவர் முதல் சில மாதங்களை இப்படிக் கழிப்பதே நல்லது என்பது என் கட்சி.

இனி விலை. மாதம் 69 ரூபாய் என்றால் மாதாமாதம் 69 ரூபாய் கட்டலாம் என்று நினைக்கத் தோன்றும். அந்த விலை 48 மாதத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டுகிறவருக்கு மட்டும். 69-ஐ 48-ஆல் பெருக்கினால் 3,312 ரூபாய். 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறத்தாழ 3,908 ரூபாய். நான்காண்டு முடிந்ததும் 'ரினியூவல்' விலை வரும். நம் மாதிரியில் அதை மாதம் 299 என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு 3,588, வரியோடு 4,234. முதல் நான்காண்டுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட ஐந்தாம் ஆண்டு ஒன்றுக்குக் கொடுப்பது அதிகம்.

கடைக்காரர் கணக்கில் இதற்கு நியாயம் உண்டு. முதல் விலை வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவு. வந்தவர் தளத்தைக் கட்டி, படங்களை ஏற்றி, பழகிவிட்ட பிறகு சாமான்களைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போவது தலைவேதனை, பெரும்பாலோர் போகமாட்டார்கள். தவிர, நான்காண்டுக்குப் பணம் கட்டியவர்களில் கணிசமானோர் ஆறேழு பதிவோடு நிறுத்திவிடுவார்கள். நின்றுபோன தளம் சர்வரை உழைக்க வைப்பதில்லை. எனவே தொடங்குகிறவர் பார்க்க வேண்டிய விலை ஒன்றுதான், ரினியூவல் விலை. அதைக் கட்ட முடியும் என்றால் வாங்கலாம்.

இங்கே ஓர் இடைச்செருகல். "சிறந்த பத்து ஹோஸ்டிங்" என்று தேடினால் வரும் பட்டியல்களை நம்பி இறங்காதீர்கள். அவற்றில் பல கமிஷனுக்காக எழுதப்படுபவை. அவர்கள் தந்த இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குப் பணம் போகும், எனவே அதிகக் கமிஷன் தருபவர் பட்டியலில் மேலே ஏறுவது இயல்பு. இன்னொன்று, பெயர்கள் பலவாக இருந்தாலும் உரிமையாளர் ஒருவராக இருக்கலாம். ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் எண்டூரன்ஸ் இன்டர்நேஷனல் குழுமத்தின் கீழ் வந்தவை. இந்தியாவின் டைரக்டி குழுமத்திலிருந்து பிக்ராக், ரிசெல்லர்கிளப் ஆகியவற்றையும் அதே குழுமம் 2014-இல் எடுத்துக்கொண்டது. 2021-இல் அந்தக் குழுமத்தின் ஹோஸ்டிங் வணிகம் வெப்.காம் குழுமத்தோடு சேர்ந்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆயிற்று. அதனால் அந்த வணிகங்கள் தாழ்ந்துவிடவில்லை. ஆனால் மூன்று பெயர்களை மூன்று கட்டங்களில் போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர், ஒரே வீட்டின் மூன்று வாசல்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

2. "முதல் ஆண்டு டொமைன் இலவசம்."

பத்து வரியில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இந்த வரி. ஹோஸ்டிங் கைவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம், டொமைன் போனால் எல்லாம் போகும். ஒரு டாட் காம் பெயரின் ஓராண்டுக் கட்டணம் ஓர் ஆயிரம் ரூபாயைச் சுற்றியே இருக்கும். அதைச் சேமிப்பதற்காக, போக வர உரிமையுள்ள ஒரே சொத்தை வீட்டுக்காரரிடமே ஒப்படைக்கிறோம். பிறகு ஹோஸ்டிங்கை விட்டு வெளியேற நினைக்கும்போது பெயரும் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும். முப்பது நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டால் 'இலவச' டொமைனின் விலையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் பரவலான வழக்கம்.

டொமைனைத் தனியாக ஒரு பதிவாளரிடம் வாங்குங்கள். பதியும்போது உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். தளம் கட்டித் தருகிற தம்பி அவசரத்துக்குத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்துவிடுவார். மூன்றாண்டு கழித்து அவர் வேலை மாறி வெளிநாடு போனபின், ரினியூவல் நினைவூட்டல் எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். பதிவாளரிடம் தரும் மின்னஞ்சல் முகவரியும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியாகும் நாளில் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கை யாருக்கும் வந்து சேராது.

பதிவாளரை மாற்றுவது எளிதுதான். பழைய பதிவாளரிடம் 'ஆத் கோடு' என்ற ரகசியக் குறியீட்டைக் கேட்டு வாங்கிப் புதியவரிடம் தர வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களைப் பொறுத்தவரை புதிதாகப் பதிந்த முதல் 60 நாள் மாற்ற முடியாது. காலாவதியான பெயரை மீட்கும் படிகளும் உண்டு. பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடலாம். அது தவறினால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது தனியே ஒரு கனத்த கட்டணம். அதையும் விட்டால் 5 நாளில் பெயர் அழிந்து, யார் வேண்டுமானாலும் பதியலாம் என்று சந்தைக்கு வந்துவிடும். கொஞ்சம் வாசகர் வந்துகொண்டிருந்த பெயராக இருந்தால் அதைக் கவ்விக்கொள்ளக் காத்திருப்பவர்கள் உண்டு. பழைய தமிழ் வலைப்பூ முகவரி ஒன்றைச் சொடுக்கினால் சூதாட்டத் தளம் திறக்கிறதே, அது இப்படி வந்ததுதான்.

'ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறேன்' என்று நிம்மதியாக இருப்பவருக்கு ஒரு வார்த்தை. 2021 அக்டோபர் முதல் இந்தியக் கார்டுகளில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி நடைமுறையில் இருக்கிறது. முன்கூட்டியே வங்கியில் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களின் பிடித்தங்களை வங்கி மறுத்துவிடும். ஆட்டோ ரினியூவல் இயங்குவதாகத் திரையில் பச்சை விளக்கு எரிந்தாலும் பணம் போயிருக்காது. டொமைனை மட்டுமாவது மூன்று நான்கு ஆண்டுக்கு மொத்தமாகப் புதுப்பித்து வைப்பதில் தப்பில்லை. ஹோஸ்டிங்குக்கு நான் கடைசி வரியில் சொல்லப்போவதற்கு இது நேரெதிர், கவனிக்க.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க ஆசையா? டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டு முடிவுகளும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. இருந்தும் கணினிகளுக்கிடையே அந்தப் பெயர் எக்ஸ்-என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகவே பயணிக்கிறது. பகிரும் இடங்களில் சில சமயம் அந்தக் கோவையே வாசகர் கண்ணில் படும். ஆசைக்கு ஒன்று வாங்கி வையுங்கள், முதன்மைப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

3. "50 ஜிபி இடம், அன்லிமிடெட் பேண்ட்விட்த்."

இந்த விலைக்குக் கிடைப்பது 'ஷேர்டு ஹோஸ்டிங்'. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள். அந்தக் காலத்து ஒண்டுக்குடித்தனம்தான் இது: அறை தனி, குழாயும் முற்றமும் பொது. 'அன்லிமிடெட்' என்று சொல்லப்படுவது, தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்பதைப் போல. ஒரு நேரத்தில் எத்தனை குடம் வைக்கலாம் என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது.

அந்த வேறு கணக்கைத்தான் விலைப்பட்டியலின் அடியிலோ உதவிப் பக்கங்களின் ஆழத்திலோ தேட வேண்டும். ஷேர்டு சர்வர்கள் பலவும் கிளவுட்லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் இவ்வளவு செயலி நேரம், இவ்வளவு நினைவகம், ஒரே நேரத்தில் இத்தனை 'என்ட்ரி பிராசஸ்' (உள்ளே வரும் கோரிக்கை) என்று அது வேலி போடுகிறது. உங்கள் கட்டுரை ஒன்று வாட்ஸப்பில் பரவி ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தால், பேண்ட்விட்த் கடலாகக் கிடக்கும்போதே தளத்தில் '508' என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி நிற்கும். தப்பு யாருடையதும் இல்லை, வேலி தன் வேலையைச் செய்தது. பக்கத்தை ஆயத்தமாகச் சேமித்து வைத்துத் தரும் கேஷ் பிளகின் (துணை நிரல்) ஒன்றைப் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது.

50 ஜிபி என்பது எவ்வளவு? யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு யு.டி.எஃப்-8 முறையில் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள் (மகரத்தோடு சேரும் இகர அடையாளமும், ழகரத்துக்கு மேல் புள்ளியும் தனித்தனிக் குறி), ஆக 15 பைட். ஆயிரம் சொல் கட்டுரை சுமார் 25 கிலோபைட் வரும். ஒரு ஜிபியில் அப்படி நாற்பதாயிரம் கட்டுரை அடங்கும். எழுத்துக்காரருக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. இடத்தைத் தின்பது படம். கைப்பேசியில் எடுத்த 3 எம்பி படம் ஒன்று நூறு கட்டுரைக்கு மேல் இடம் பிடிக்கும். அதோடு நிற்பதுமில்லை. பெரிய படம் ஒன்றை ஏற்றினால், வலைப்பூவை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அதிலிருந்து சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் நகல் எடுத்து வைக்கும். அசலையும் சேர்த்து எட்டுக் கோப்பு வரை ஆகலாம். இங்கேதான் 'ஐநோட்' என்ற இன்னொரு வேலி வருகிறது. எத்தனை ஜிபி என்பது ஒரு வரம்பு, எத்தனை கோப்பு என்பது தனி வரம்பு. 50 ஜிபியில் 5 ஜிபிகூட நிரம்பாதபோதே 'இடம் தீர்ந்தது' என்று வந்தால் ஐநோட்தான் காரணம்.

பேண்ட்விட்த் கணக்கும் இதே கதை. ஒரு பக்கம் ஒரு எம்பி, நாளுக்கு நூறு பேர், மாதம் 3 ஜிபி. புது வலைப்பூவுக்கு முதலாண்டு நாளுக்கு நூறு பேர் வந்தால் கொண்டாடலாம். அன்லிமிடெட் என்ற சொல் நமக்குத் தேவையே இல்லாத ஒன்றை வாரி வழங்குகிறது. சமையல் குறிப்புக்கும் சிறுகதைக்கும் ஷேர்டு ஹோஸ்டிங் போதும். 'இன்னும் 200 ரூபாய் கூடப் போட்டால் பிசினஸ் பிளான்' என்று பணம் கட்டும் பக்கத்தில் வரும் தூண்டிலைப் பார்க்காததுபோல் கடந்துவிடுங்கள்.

4. "99.9% அப்டைம் உத்தரவாதம்."

மீதி 0.1% எவ்வளவு என்று பார்ப்போம். ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம். முப்பது நாள் மாதத்துக்கு 43 நிமிடம். அத்தனை நேரம் தளம் விழுந்து கிடந்தாலும் உத்தரவாதம் மீறப்படவில்லை. முன்னறிவித்த பராமரிப்பு நேரம் இதில் சேராது என்றும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். மீறினால் கிடைப்பதும் அந்த மாத வாடகையில் ஒரு பங்கு, அடுத்த பில்லில் கழிவாக. 69 ரூபாயில் பங்கு கேட்டு யார் மனுப் போடப்போகிறார்கள்? வலைப்பூவுக்கு ஆண்டில் எட்டு மணி நேரம் இல்லாமல் போவதால் குடி முழுகாது. இந்த வரியை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

5. "அதிவேக சர்வர்கள்."

சர்வரின் வேகத்தைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கண்ணாடியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 2002 முதல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள சர்வருக்குப் போய்வர 200 மில்லிநொடிக்கு மேலாகும். பாதுகாப்பான பக்கம் ஒன்றைத் திறக்கத் தொடர்பு ஏற்படுத்துவது, சாவி பரிமாறுவது, பக்கத்தைக் கேட்டு வாங்குவது என்று குறைந்தது மூன்று நடை. அமெரிக்க சர்வர் என்றால் முதல் எழுத்து வருமுன்பே அரை நொடிக்கு மேல் போய்விடும். கைப்பேசியில் மெதுவான இணைப்பில் படிப்பவருக்கு இது இன்னும் கூடும்.

ஆகவே வாங்கும்போது 'டேட்டா சென்டர் எங்கே' என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அமேசான் 2016-இல் மும்பையில் தன் மையத்தைத் திறந்தது, மைக்ரோசாஃப்டின் தென்னிந்திய மையம் 2015 முதல் சென்னையில் இருக்கிறது. இன்றைக்கு இந்திய சர்வர் கிடைப்பது அரிதில்லை. வாசகர் தமிழ்நாடும் ஈழமும் மலேசியாவும் என்றால் சிங்கப்பூரும் நல்ல இடம். டொராண்டோவிலும் லண்டனிலும் படிப்பவர்களுக்காக கிளவுட்ஃப்ளேர் போன்ற சி.டி.என். ஒன்றின் இலவசத் திட்டத்தை முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். படங்களையும் வடிவக் கோப்புகளையும் அந்தந்த ஊருக்குப் பக்கத்திலிருந்தே அது கொடுத்துவிடும்.

6. "இலவச எஸ்.எஸ்.எல்., இலவச ஈமெயில்."

வாசகருக்கும் தளத்துக்கும் இடையே போகும் தரவைக் குறியாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் எல்லாருக்குமே இலவசம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்ததிலிருந்து சான்றிதழுக்குக் காசு வாங்குவதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி அந்தச் சான்றிதழ் இல்லாத தளங்களை 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது, எனவே அது கட்டாயம் வேண்டும். இதற்குத் தனிக்கட்டணம் கேட்கும் கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள். ஈமெயில் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஷேர்டு சர்வரிலிருந்து போகும் அஞ்சல், பக்கத்து அறைக்காரர் செய்த குப்பை அஞ்சல் வேலையால் ஸ்பாம் பெட்டிக்குள் விழக்கூடும்.

7. "ஒரே கிளிக்கில் வேர்ட்பிரஸ்."

2003 மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் கட்டற்ற இலவச மென்பொருள். கிளிக் கடைக்காரருடையது, மென்பொருள் உலகத்துடையது. இப்படி நிறுவும்போது கேட்காத பிளகின்கள் நாலைந்து கூடவே வந்து உட்காரும், முதல் வேலையாக அவற்றை நீக்குங்கள்.

கிளிக்குக்குப் பிறகான வேலையை விளம்பரம் சொல்லாது. வேர்ட்பிரஸ், தீம், பிளகின் மூன்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய பிளகின்தான் திருடன் நுழையும் ஜன்னல். சர்வரில் பி.எச்.பி. எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இன்னும் அதையே முதன்மையாக வைத்திருக்கும் கடை வேறெதையும் புதுப்பித்திருக்காது.

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டுமான இரண்டு குறிப்புகள் இங்கே பொருந்தும். தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் 'யு.டி.எஃப்.8.எம்.பி.4' என்று இருக்கிறதா என உறுதிசெய்யுங்கள். 2015-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதையே விரும்புகிறது. பழைய 'லத்தீன்1' அமைப்பில் இருந்த தரவுத்தளங்களை அசட்டையாக இடம் மாற்றியபோது முழுக் கட்டுரையும் கேள்விக்குறி வரிசையாக மாறிப்போன கதைகள் உண்டு. இரண்டாவது, பதிவின் இணைப்பு முகவரி. தலைப்பைத் தமிழிலேயே விட்டால் ஒவ்வொரு குறியும் முகவரியில் ஒன்பது எழுத்துக் குறியீடாக விரியும். வேர்ட்பிரஸ் அதை 200 எழுத்தோடு வெட்டிவிடும். அதாவது இருபத்திரண்டு குறிகள், இரண்டு மூன்று சொற்கள். 'வெண்டைக்காய் மோர்க்குழம்பு வைக்கும் முறை' என்பது பாதிக் குழம்போடு நின்றுவிடும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிக்கொண்டால் பகிரவும் எளிது.

8. "தினசரி பேக்கப்."

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. எஸ்.பி.ஜி.2 என்ற கட்டடம் முழுதும் எரிந்துபோனது. லட்சக்கணக்கான தளங்கள் ஒரே இரவில் மறைந்தன. ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனம் அது, பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களில் சிலரது பேக்கப் அதே இடத்தில் இருந்ததால் அசலோடு நகலும் போயிற்று. வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன.

இந்த வரியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை: நகல் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், திரும்ப எடுக்கக் காசு உண்டா. மலிவுத் திட்டங்களில் பேக்கப் எடுப்பது இலவசமாகவும் அதை மீட்டுத் தருவது கட்டணமாகவும் இருப்பதைப் பார்க்கலாம். 'பேக்கப் ஒரு மரியாதைச் சேவை மட்டுமே, பொறுப்பு வாடிக்கையாளருடையது' என்ற பொருளில் ஒரு வாசகம் நிபந்தனைகளில் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அது நியாயமான வாசகம்தான். எழுத்து உங்களுடையது, காப்பதும் உங்கள் வேலை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மாதம் ஒருமுறை முழுத் தளத்தையும் உங்கள் கணினிக்கோ கூகுள் டிரைவுக்கோ இறக்கி வைக்கும் பிளகின்கள் இலவசமாகவே உண்டு. வேர்ட்பிரஸ்ஸின் 'எக்ஸ்போர்ட்' பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம். அது தரும் கோப்பில் எழுத்து இருக்கும், படங்கள் இரா, அவற்றின் முகவரி மட்டும் இருக்கும். பழைய சர்வர் போய்விட்டால் அந்த முகவரியில் எதுவும் இல்லை. எடுத்த நகலை ஒருமுறையாவது வேறோரிடத்தில் விரித்துப் பாருங்கள். விரித்துப் பார்க்காத நகலை நான் நகலாக எண்ணுவதில்லை.

டொமைன் தனியே உங்கள் பெயரில் இருந்து, முழு நகலும் கையில் இருந்துவிட்டால், எந்த ஹோஸ்டிங் சிறந்தது என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இடம் மாறலாம்.

9. "24/7 சப்போர்ட், 30 நாள் மணிபேக்."

வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு சாட்டில் போய், 'இந்தத் திட்டத்தில் ஐநோட் வரம்பு எவ்வளவு, என்ட்ரி பிராசஸ் எத்தனை' என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால் அங்கே விஷயம் தெரிந்தவர் இருக்கிறார். 'அன்லிமிடெட் சார்' என்று மட்டும் பதில் வந்தால் நடையைக் கட்டலாம். மணிபேக் பெரும்பாலும் உண்மையே. டொமைனும் வேறு கூடுதல் சேவைகளும் அதில் சேரா.

10. "*நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

மூலத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருப்பது இந்த வரி. மேலே உள்ள ஒன்பதும் இதற்குள் அடக்கம். அதைச் சொடுக்கினால் நீண்ட ஆங்கிலப் பக்கம் ஒன்று திறக்கும், முழுக்கப் படிக்கப் பொறுமை யாருக்கும் இராது. கார்டு எண்ணை இடுமுன் அந்தப் பக்கத்தில் நான்கை மட்டும் தேடுங்கள்: ரினியூவல் விலை, கோப்பு எண்ணிக்கை வரம்பு, தளத்தை முன்னறிவிப்பின்றி நிறுத்திவைக்கும் உரிமை, பேக்கப் யார் பொறுப்பு. நான்கும் தெளிவாக இருந்தால் ஓராண்டுக்கு மட்டும் பணம் கட்டித் தொடங்குங்கள். ரினியூவல் விலை எங்குமே எழுத்தில் இல்லை என்றால், மாதம் 69 அல்ல, 9 ரூபாய்க்குத் தந்தாலும் அந்தக் கடை வேண்டாம்.